பதட்டத்துக்கு மாத்திரை: ‘தொடருங்க’ன்னு ஒரு டாக்டர், ‘நிறுத்துங்க’ன்னு இன்னொரு டாக்டர். யார் சொல்றதைக் கேட்கறது?



எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ், பி.எஃப். பத்தி எல்லாம் நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். இன்னைக்குக் கொஞ்சம் வேற விஷயம். ஆனா இதுவும் உங்க சம்பளத்தையும் குடும்பத்தையும் நேரடியா தொடுற விஷயம்தான்.

வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆகியிருக்கும். டெட்லைன், நைட் ஷிஃப்ட், இ.எம்.ஐ. ஒரு கட்டத்துல நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்லை, மீட்டிங் என்றாலே கை நடுக்கம். ஈ.சி.ஜி. எடுத்தா நார்மல். டாக்டர் பதட்ட நோய்னு சொல்லி மாத்திரை எழுதித் தர்றார். ரெண்டு வாரத்துல நல்லா இருக்கு. அப்படியே ஒரு வருஷம் ஓடிடுது.

அதுக்கப்புறம்தான் குழப்பம். மனநல மருத்துவர் “நல்லாத்தானே இருக்கீங்க, தொடருங்க” என்கிறார். காய்ச்சலுக்குப் போன இடத்துல குடும்ப டாக்டர் “இதையா இவ்வளவு நாளா சாப்பிடறீங்க? அடிமையாயிடுவீங்க, நிறுத்துங்க” என்கிறார். வீட்ல “யோகா பண்ணு, எல்லாம் சரியாயிடும்” என்கிறாங்க. இதுல யார் சொல்றது சரி?

முதல்லயே சொல்லிடறேன், நான் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரையை எவ்வளவு சாப்பிடணும்னு நான் சொல்லப் போறதில்லை. ஆனா ஒரே விஷயத்துக்கு ரெண்டு நிபுணர்கள் ரெண்டு விதமா சொல்லும்போது எப்படி முடிவு எடுக்கறதுன்னு பார்க்கலாம். பணத்துல நாம செய்யறது அதைத்தானே?

1. முதல்ல அட்டையைத் திருப்பிப் பாருங்க

“மியூச்சுவல் ஃபண்ட் நல்லதா கெட்டதா?”ன்னு யாராவது கேட்டா, “எந்த ஃபண்ட்?”னு நாம திருப்பிக் கேட்போம். லிக்விட் ஃபண்டும் ஸ்மால் கேப் ஃபண்டும் ஒண்ணு இல்லை. பதட்ட மாத்திரையும் அப்படித்தான். பொதுவா எழுதித் தரப்படறது ரெண்டு வகை.

முதல் வகை எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள். இவை உடனே வேலை செய்யாது. பலன் தெரியவே சில வாரம் ஆகும். தினமும் சாப்பிட வேண்டியவை, மாதக்கணக்குல தொடரறதுக்காகவே கொடுக்கப்படறவை.

இரண்டாவது வகை அல்ப்ரஸோலம், குளோனசெபாம், டயசெபாம் போன்ற பென்சோடயசெபைன் மருந்துகள். ஒரு மணி நேரத்துக்குள்ளயே படபடப்பு இறங்கிடும். ஆனா தினமும் தொடர்ந்தா உடம்பு பழகிடும். முதல்ல கொடுத்த அளவு பிறகு போதாமப் போகலாம். விட்டா உடம்பு எதிர்ப்பு காட்டும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. நம்ம ஊர்ல இந்த ரெண்டையும் ஒரே மாத்திரையில சேர்த்தும் விக்கிறாங்க. எஸ்சிடலோப்ராமும் குளோனசெபாமும் சேர்ந்த மாத்திரை ரொம்ப சகஜம். நீங்க ஒரு மாத்திரைதான் சாப்பிடறோம்னு நினைச்சிருப்பீங்க. உண்மையில ரெண்டு மருந்து உள்ளே போகுது. ஒண்ணு நீண்ட நாளைக்கானது, இன்னொண்ணு குறுகிய காலத்துக்கானது.

அதனால பிராண்ட் பேரை விட்டுடுங்க. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்துல இருக்கற மருந்தின் பேரைப் படிங்க. “தொடருங்க”ன்னு சொன்னவர் முதல் மருந்தை நினைச்சுச் சொல்லியிருக்கலாம். “நிறுத்துங்க”ன்னு சொன்னவர் ரெண்டாவதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பாதிக் குழப்பம் இந்த இடத்துலயே தீர்ந்துடும்.

2. மீதிப் பாதி: டாக்டர்களுக்குள்ளேயே உண்மையான கருத்து வேறுபாடு இருக்கு

பென்சோடயசெபைன் 1960-ல சந்தைக்கு வந்தப்போ, அதுக்கு முன்னாடி இருந்த தூக்க மருந்துகளைவிடப் பாதுகாப்பானதுன்னு கொண்டாடினாங்க. 1963-ல வந்த வேலியம் உலகத்துலயே அதிகம் எழுதப்பட்ட மருந்துகள்ல ஒண்ணாச்சு. பிறகுதான் விட முடியாம தவிச்சவங்க கதைகள் வெளியே வந்தது. 1988-ல பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இதை 2 முதல் 4 வாரத்துக்கு மட்டும்தான் தரணும்னு அறிவுறுத்தியது. 2020 செப்டம்பர்ல அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., இந்த மருந்துகள் எல்லாத்துக்கும் பெட்டி போட்ட கடும் எச்சரிக்கையை விரிவுபடுத்தியது. தவறான பயன்பாடு, அடிமைத்தனம், உடல் பழகிப் போறது, நிறுத்தும்போது வர்ற விளைவுகள் எல்லாம் அதுல இருக்கு.

மறுபக்கமும் உண்டு. கடுமையான பேனிக் நோய் இருக்கறவங்க, வேற மருந்து ஒத்துக்காதவங்க சிலருக்குக் குறைந்த அளவுல நீண்ட நாள் கொடுக்கறது நியாயம்தான், தேவைக்கு மேல பயமுறுத்திட்டாங்கன்னு சொல்ற அனுபவம் உள்ள மனநல மருத்துவர்களும் இருக்காங்க. அவங்க எதிர்ல உட்கார்ந்திருக்கற ஒரு நோயாளியைப் பார்த்துச் சொல்றாங்க. விதிமுறை லட்சக்கணக்கான பேரை மனசுல வெச்சு எழுதப்படுது.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. கதை வேற. பொதுவான பதட்ட நோய்க்கு மருந்து வேலை செஞ்சா, குறைந்தது ஒரு வருஷம் தொடரணும்னு பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி சொல்லுது. சீக்கிரம் விட்டா நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம். அதே சமயம், இதை விடறதும் எல்லாருக்கும் சுலபம் இல்லை. பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் அமைப்பே 2019-ல தன் நிலைப்பாட்டை மாத்தி, சிலருக்கு நிறுத்தும்போது வர்ற தொந்தரவு கடுமையாவும் நீண்ட நாளும் இருக்கலாம்னு ஒத்துக்கிட்டது.

இந்த வகையில கவனிக்க வேண்டிய இன்னொண்ணு: 25 வயசுக்குக் கீழே இருக்கறவங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் கூடலாம்னு எச்சரிக்கை இருக்கு. புதுசா ஆரம்பிக்கறீங்கன்னா வீட்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கட்டும். அப்படி எண்ணம் வந்தா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம உடனே டாக்டரைக் கூப்பிடுங்க.

3. நுழையறதைவிட வெளியே வர்றதுக்குத்தான் பிளான் வேணும்

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வரி ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க: நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க.

தினமும் சாப்பிட்ட பென்சோடயசெபைனைச் சட்டுனு விட்டா, தூக்கமின்மை, நடுக்கம், பழையதைவிட மோசமான பதட்டம் வரலாம். சிலருக்கு வலிப்பே வரலாம், அது உயிருக்கே ஆபத்து. “அடிமையாயிடுவோம்”ங்கற பயத்துல ராத்திரியோட ராத்திரியா மாத்திரையைக் குப்பையில போடறது, பயந்த விஷயத்தைவிடப் பெரிய ஆபத்து.

அமெரிக்காவின் அடிமைத்தன மருத்துவர்கள் சங்கமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 2025-ல வெளியிட்ட வழிகாட்டியில, ஆரம்பத்துல 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கறதைப் பத்தி யோசிக்கலாம்னு இருக்கு. அதாவது இது மாதக்கணக்கான வேலை. உங்களுக்கு எவ்வளவு வேகம்னு டாக்டர்தான் சொல்லணும். வேகம் ஒத்துக்கலைன்னா அங்கேயே நின்னு, அப்புறம் தொடரலாம்.

இன்னொரு குழப்பமும் இங்கேதான் வரும். குறைச்சதும் தொந்தரவு வந்தா, “பார்த்தியா, மாத்திரை இல்லாம என்னால இருக்க முடியாது”ன்னு முடிவு கட்டிடுவோம். குறைச்ச சில நாள்லயே, இதுக்கு முன்னாடி இல்லாத மாதிரி, தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி, தலைசுத்தல்னு வந்தா அது பெரும்பாலும் மருந்து விடறதால வர்றது. நோய் திரும்பறது பொதுவா மெதுவா, பழைய அறிகுறிகளோட வரும். ரெண்டுக்கும் சிகிச்சை வேற வேற. அதனால தேதி போட்டு ஒரு நோட்ல எழுதி வைங்க. அந்த நோட்டைப் பார்த்தா டாக்டருக்கு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கறது சுலபமாகும்.

காலண்டரையும் பாருங்க. அப்ரைசல் மாசம், வேலை மாறி நோட்டீஸ் பீரியட்ல இருக்கற நேரம், வீட்டுக் கடன் கையெழுத்து, கல்யாணம் இந்த மாதிரி சமயத்துல குறைக்க ஆரம்பிக்க வேண்டாமேன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. குறைக்கிற காலத்துல ராஜினாமா மாதிரி பெரிய முடிவு எதையும் எடுக்காம இருக்கறது நல்லது.

தொடர்ந்து சாப்பிடறவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. பென்சோடயசெபைனோட மது சேர்ந்தா மூச்சே மந்தமாகலாம், அதனால வெள்ளிக்கிழமை பார்ட்டியில “ஒரு பெக்தானே” வேண்டாம். ட்ரமடால் மாதிரி வலி மருந்தோட சேர்ந்தாலும் அதே ஆபத்துதான். மாத்திரை போட்ட மயக்கத்துல பைக் ஓட்டாதீங்க.

4. இப்ப கணக்குக்கு வருவோம்

இது வெறும் உதாரணம். உங்க ஊருக்கு ஏத்த மாதிரி எண்களை மாத்திக்கோங்க.

• டாக்டர் ஃபீஸ்: 2 மாசத்துக்கு ஒரு முறை ரூ.700. வருஷத்துக்கு ரூ.4,200.
• மாத்திரை: மாசம் ரூ.350. வருஷத்துக்கு ரூ.4,200.
• மொத்தம்: வருஷத்துக்கு ரூ.8,400.

பேச்சு சிகிச்சையான சி.பி.டி.யும் பதட்டத்துக்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சைதான். நைஸ் வழிகாட்டிப்படி பொதுவா வாரம் ஒண்ணா 12 முதல் 15 அமர்வுகள். ஒரு அமர்வு ரூ.1,200-ன்னு வெச்சு 14 அமர்வு போட்டா ரூ.16,800. “அம்மாடியோவ்”னு தோணும். ஆனா அது மேல சொன்ன 2 வருஷச் செலவுக்குச் சமம், அதோட கத்துக்கிட்ட உத்தி உங்ககூடவே இருக்கும். மருந்தா தெரபியான்னு ஒண்ணை மட்டும்தான் தேர்ந்தெடுக்கணும்னு இல்லை. மருந்தைக் குறைக்கிற காலத்துல தெரபி கைப்பிடி மாதிரி உதவும்.

செலவு முடியலைன்னா வழி இருக்கு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும், சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துலயும் புறநோயாளிப் பிரிவு இருக்கு. மக்கள் மருந்தகத்துல ஜெனரிக் மாத்திரை மலிவு. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம். உங்க கம்பெனியில இ.ஏ.பி. இருந்தா சில அமர்வுகள் இலவசமாவே கிடைக்கலாம். உங்க பேர் ஹெச்.ஆருக்குப் போகுமான்னு மட்டும் முதல்லயே கேட்டுக்கோங்க.

5. இன்சூரன்ஸ்: இங்கேதான் நிறைய பேர் சறுக்கறாங்க

“டேர்ம் பாலிசி எடுக்கப் போறேன். ஃபார்ம்ல ‘மருந்து எதுவும் இல்லை’ன்னு போடறதுக்காக மாத்திரையை நிறுத்திடலாமா?” இப்படி ஒரு யோசனை வரும். வேண்டவே வேண்டாம். முதல் காரணம், மேலே சொன்ன உடல் ஆபத்து. ரெண்டாவது, அது பலன் தராது. ஃபார்ம்ல கேக்கறது இன்னைக்கு என்ன சாப்பிடறீங்கன்னு மட்டும் இல்லை, கடந்த காலத்துல எடுத்த சிகிச்சையையும் கேக்கறாங்க.

உண்மையைச் சொன்னா பிரீமியம் கொஞ்சம் கூடலாம், சில மாசம் கழிச்சு வாங்கன்னு தள்ளிப் போடலாம், ஒரு நிறுவனம் மறுக்கவும் செய்யலாம். அப்போ அடுத்த நிறுவனத்தைப் பாருங்க. மறைச்சா என்ன ஆகும்? இன்சூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவுப்படி முதல் 3 வருஷத்துக்குள்ள, உண்மையை மறைச்சதைக் காட்டி பாலிசியைக் கேள்வி கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அப்போ அலையப் போறது நீங்க இல்லை, உங்க வீட்ல இருக்கறவங்க.

ஹெல்த் இன்சூரன்ஸ்ல நல்ல செய்தி இருக்கு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உடல் நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில மன நோய்க்கும் காப்பீடு தரணும்னு சொல்லுது. ஆனா பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில சேர்ந்தாத்தான் பணம் தரும். பதட்ட சிகிச்சை கிட்டத்தட்ட எல்லாமே வெளிநோயாளி சிகிச்சைதான். அதனால ஓ.பி.டி. கவர் இருக்கா, அதுல மனநல ஆலோசனை சேருமான்னு பாலிசி ஆவணத்துல பாருங்க. ஏற்கெனவே இருக்கற நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 விதிப்படி அதிகபட்சம் 36 மாதம். சீக்கிரம் எடுத்தா, அந்தக் காத்திருப்பும் சீக்கிரம் முடியும்.

6. அடுத்த முறை டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய 6 கேள்விகள்

இதை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

1. எனக்கு என்ன நோய்னு முடிவு பண்ணியிருக்கீங்க? தைராய்டு சோதனை பார்த்தாச்சா? (தைராய்டு அதிகமா சுரந்தாலும் படபடப்பு வரும்.)
2. இந்த அட்டையில இருக்கற ஒவ்வொரு மருந்தும் எதுக்கு?
3. எத்தனை மாசம் தொடரணும்? மறுபடி எப்போ ரிவ்யூ?
4. எது நடந்தா குறைக்க ஆரம்பிப்போம்? எப்படிக் குறைப்போம்?
5. தெரபி சேர்த்தா எனக்கு உதவுமா? யாரைப் பார்க்கலாம்?
6. இன்னொரு டாக்டர் நிறுத்தச் சொன்னார். நீங்க ஏன் வேற மாதிரி நினைக்கறீங்க?

குழந்தைக்குத் திட்டமிடற பெண்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஆறாவது கேள்விதான் முக்கியம். கேட்கக் கூச்சமா இருக்கும். ஆனா நல்ல டாக்டர் இதுக்குக் கோபப்பட மாட்டார், காரணம் சொல்வார். முடிவே சொல்லாம, ரிவ்யூவே இல்லாம, வருஷக்கணக்குல அதே சீட்டு ஓடிக்கிட்டிருந்தா அப்போ இன்னொரு மனநல மருத்துவரைப் பாருங்க. பழைய சீட்டுகள் எல்லாத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க. புது மருத்துவரைப் பார்க்கிற வரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீங்க. சீட்டு இல்லாம மெடிக்கல்ல வாங்கவும் வேண்டாம். அல்ப்ரஸோலம், டயசெபாம் எல்லாம் ஹெச்1 பட்டியல்ல இருக்கற மருந்து. சீட்டு பார்த்து, தனிப் பதிவேட்டுல எழுதித்தான் கடைக்காரர் தரணும்.

ஒருத்தர் ரெண்டு வருஷம் மருந்து சாப்பிடறது தோல்வி இல்லை. மூணே மாசத்துல விட்டது வீரமும் இல்லை. என்ன மருந்து, எதுக்கு, எது வரைக்கும், எப்படி வெளியே வர்றதுன்னு உங்களுக்கும் உங்க டாக்டருக்கும் தெரிஞ்சிருந்தா, அது திட்டமிட்ட சிகிச்சை.

டேர்ம் இன்சூரன்ஸ் ஃபார்ம்ல உடல்நலக் கேள்விகளை எப்படி நிரப்பறதுன்னு அடுத்த வீடியோல ஒவ்வொண்ணா பார்ப்போம். ஆபீஸ்ல இந்த மாத்திரையை வெளியே சொல்லாம சாப்பிடற நண்பர் யாராவது இருந்தா, அவருக்கு இதை அனுப்பி வைங்க.