வாழைக்காய்க் கறையும் சாயத் தண்ணீரும்

அன்று வாழைக்காயை நறுக்கி, மோர்த் தண்ணீரில் போட மறந்து பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். நொய்யல் கரை ஊரிலிருந்து என் நங்கையா வந்திருந்தார்.

“கிணத்துத் தண்ணி இன்னும் உப்புக் கரிக்குது, அம்மிணி. தென்னைக்குக்கூட ஆக மாட்டேங்குது” என்று கண் கலங்கினார்.

திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கும். கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்பது விதி. ஆனால் மண்ணில் ஏற்கெனவே இறங்கியது லேசில் போகுமா?

திரும்பிப் பார்த்தால் வாழைக்காய் கன்னங்கரேல்! கல்லூரியில் ரசாயனம் படிக்கும் என் பெண் சிரித்தாள். “அம்மா, காயைக் கறுக்க வைக்கிற மாதிரி நொதியை வெச்சே தொழிற்சாலைத் தண்ணியைச் சுத்தம் பண்ணலாம், தெரியுமா?”

காயில் பீனால் வகைப் பொருள்கள் உண்டாம். நறுக்கியதும் காற்றுப் பட்டு, காயிலுள்ள நொதி, அதாவது என்ஸைம், அவற்றைக் கறுப்பாக்குகிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்கிவிடுகிறது. ஆலைக் கழிவில் கரைந்திருக்கும் பீனாலோ விஷம். அதில் தகுந்த நொதியைச் சேர்த்தால், பீனால் ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத கசடாகத் திரண்டுவிடும். வடிகட்டி எடுத்துவிடலாம். கடுகு இனத்துச் செடியான ஹார்ஸ்ராடிஷின் வேரிலுள்ள நொதியோடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்து, நிலக்கரி ஆலைக் கழிவுநீரில் இதைச் செய்ய முடியும் என்று அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் கிளிபனோவ் குழுவினர் 1983-ல் காட்டினார்கள். மரத்தை மக்க வைக்கும் காளான்களின் ‘லாக்கேஸ்’ நொதிக்குப் பல சாயங்களின் நிறத்தையே போக்கும் சக்தி உண்டாம்.

நங்கையா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ நம்ம கிணத்துல அதை ஊத்தினா ஆகாதா, கண்ணு?”

“ஆகாதுங்க அத்தை. நொதி நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது. துணியில சாயம் ஏறறதுக்கு நிறைய உப்புப் போடறாங்க. அதைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டிதான் வேணும். அதோட, நிறம் போனா விஷமும் போச்சுன்னு அர்த்தமில்லை. சில சாயம் உடைஞ்சா வேற கெட்ட பொருள் உண்டாகும். சோதிச்சுத்தான் சொல்லணும்.”

நங்கையாவின் முகம் வாடியது. எனக்கும் நெஞ்சு கனத்தது. ஆனாலும் பொய் நம்பிக்கையைவிட இது மேல், இல்லையா?

சகோதரிகளே, பட்டறைப் பக்கம் குடியிருந்தால், தண்ணீர் தெளிவாயிருக்கிறதே என்று குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு போகாது, நீர் சுண்டச் சுண்ட இன்னும் கரிக்கும். முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள். நங்கையாவும் ஊருக்குப் போனதும் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துவிட்டார்.

கறுத்த வாழைக்காயை என்ன செய்தேன் என்கிறீர்களா? அதில் கெடுதல் ஒன்றுமில்லை. மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு வறுத்துவிட்டேன்!