போர்வை கொடுத்தால் கணக்கு தீர்ந்துவிடுமா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் குளிரில், நண்பர்கள் நாலைந்து பேர் பணம் போட்டு பந்தலூர் பக்கம் ஒரு பணியர் குடியிருப்புக்குப் போர்வை கொண்டுபோனோம். கொடுத்து முடித்து போட்டோவும் எடுத்தாச்சு. ஒரு பெரியவர் மட்டும் போர்வையை மடித்தபடியே சொன்னார்: "இது இருக்கட்டும் சார். எங்க ஆளுங்களப் புதைக்கிற இடம் இப்ப எஸ்டேட் வேலிக்குள்ள இருக்கு. அதுக்கு வழி விடச் சொல்ல முடியுமா?" எனக்குப் பதில் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்துட்டேன்.

அதிலிருந்துதான் இந்தத் தேடல். பழங்குடிகளோடு நல்லிணக்கம் என்று கூகிளில் போட்டால் கனடாதான் முதலில் வரும். அங்கே உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-ல் 94 பரிந்துரைகளை வைத்தது. ஆனால் நமக்குப் பாடம் படிக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம், கூடலூரே போதும்.

முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1820-களில் ஜான் சல்லிவன் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கினார் என்பார்கள். அப்புறம் காபி, தேயிலை, மரத்தோட்டம். கூடலூர்ப் பக்கம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலங்கள். 1969-ல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் காகிதமே இல்லாமல் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த பணியர், காட்டுநாயக்கர், குறும்பர்களுக்குப் பட்டா எளிதில் கிடைக்கவில்லை.

இதில் என் பங்கும் உண்டு. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு டேன்டீயில் வேலை கிடைத்தது, அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.இ. படித்தேன். நாங்களும் துரத்தப்பட்டவர்கள்தான். ஆனால் எங்களுக்காகத் தேயிலை நட்டது காட்டை வெட்டிய இடத்தில். ஓர் அநியாயத்துக்கு நிவாரணமாக வந்தது இன்னொருவர் காட்டில் கை வைத்தது. இதைச் சொல்ல எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

அடுத்தது, கேட்பது. 1980-களின் நடுவில் கூடலூரில் 'அக்கார்டு' என்ற தொண்டு நிறுவனம் தொடங்கியது. அவர்கள் கிராமம் கிராமமாகப் பேசினார்கள், ஆதிவாசி முன்னேற்ற சங்கம் உருவானது. மக்கள் முதலில் எடுத்த பிரச்சினை நிலம். 1988 டிசம்பர் 5 அன்று பல்லாயிரம் ஆதிவாசிகள் கூடலூர்த் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அதுவரை ஊர்க்காரர்கள் கண்ணில் படாமலே வாழ்ந்தவர்கள். அன்றைக்கு ஊர் அவர்களைப் பார்த்தது.

மூன்றாவது, சாவியைக் கொடுப்பது. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது புரியும்: யூசர் அக்கவுண்ட் கொடுப்பது வேறு, அட்மின் உரிமை கொடுப்பது வேறு. 'அஸ்வினி' நடத்தும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே நர்ஸாகப் பயிற்சி பெற்றார்கள். 1992-லேயே சங்க உறுப்பினர்களுக்கு மருத்துவக் காப்பீடு வந்தது. பிறகு சங்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தையே வாங்கியது. கூலிக்கு இலை பறித்தவர்கள் தோட்டக்காரர்கள் ஆனார்கள். கோத்தகிரியில் 'கீஸ்டோன்' தேன் சேகரிப்பவர்களோடு வேலை செய்தது. 2013-ல் பழங்குடிகளே பங்குதாரர்களாக 'ஆதிமலை' உற்பத்தியாளர் நிறுவனம் வந்தது.

இதெல்லாம் முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். யானைப் பிரச்சினை, நிலத் தகராறு, படிப்பை நிறுத்தும் பிள்ளைகள், எல்லாம் இன்னும் இருக்கு. ஆனால் திசை சரி. கொடுப்பவர் கை மேலேயே இருக்கும் வரை அது தானம். கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும்போதுதான் நல்லிணக்கம் ஆரம்பிக்கும்.

எங்கள் சின்னக் குழு போர்வை கொடுப்பதை நிறுத்திவிட்டது. அந்தப் பெரியவரிடம் திரும்பப் போய், "நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டோம். "தாலுகா ஆபீசுக்குக் கூட வாங்க. பேசறது நாங்க பேசிக்கறோம்" என்றார். மூன்று முறை போயாச்சு. மனுவில் கையெழுத்தும் கைரேகையும் அவர்களுடையது. வண்டிக்குப் பெட்ரோலும் ஜெராக்ஸ் செலவும் எங்களுடையது.

வழி இன்னும் திறக்கவில்லை. நாலாவது முறை போக அவர் தேதி சொல்வார். காத்திருக்கிறோம்.