ஏலத்தில் டைனோசர்: எலும்புக்கூடு யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 2024 ஜூலை 17 அன்று சோத்பீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், 'ஏபெக்ஸ்' எனப் பெயரிடப்பட்ட ஸ்டெகோசாரஸ் வகை டைனோசரின் எலும்புக்கூடு 4 கோடியே 46 லட்சம் டாலருக்கு விலைபோனது. இந்திய மதிப்பில் இது ஏறத்தாழ 370 கோடி ரூபாய். 40 முதல் 60 லட்சம் டாலர் வரை கிடைக்கும் என்றே ஏல நிறுவனம் கணித்திருந்தது. வாங்கியவர் கோடீஸ்வர முதலீட்டாளர் கென் கிரிஃபின். அதே ஆண்டு டிசம்பர் முதல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அது பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆனால் 4 ஆண்டு கால இரவலாக மட்டுமே.

இந்த 'இரவல்' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு புதைபடிவத்தை ஆராய்ந்து ஒருவர் கூறும் முடிவை, பல ஆண்டுகள் கழித்து மற்றொருவர் அதே எலும்பை அளந்து சரிபார்க்க இயல வேண்டும். தனியார் உடைமை எந்நேரமும் திரும்பப் பெறப்படலாம், மறுவிற்பனைக்கும் போகலாம். ஆகவே அத்தகைய மாதிரிகளைக் குறித்த ஆய்வுக் கட்டுரைகளை ஏற்கப் பல ஆய்விதழ்கள் தயங்குகின்றன. 2020 அக்டோபரில் 3 கோடியே 18 லட்சம் டாலருக்கு ஏலம் போன 'ஸ்டான்' என்ற டைரனோசாரஸ் எங்கே சென்றது என்பதே ஓராண்டுக்கும் மேலாக வெளியுலகுக்குத் தெரியவில்லை. அபுதாபி அருங்காட்சியகத்துக்காக அது வாங்கப்பட்டது 2022-ல்தான் தெரியவந்தது.

அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைக்கும் புதைபடிவம் நில உரிமையாளருக்கே சொந்தம். மங்கோலியாவில் அது அரசின் சொத்து. அங்கிருந்து கடத்தப்பட்டு 2012-ல் நியூயார்க்கில் ஏலம் விடப்பட்ட டார்போசாரஸ் எலும்புக்கூட்டை, வழக்குக்குப் பின் அமெரிக்கா அடுத்த ஆண்டே திருப்பி அனுப்ப நேர்ந்தது.

இந்தியாவில் இத்தகைய ஏலச் சந்தை இல்லை. கோதாவரிப் பள்ளத்தாக்கில் தோண்டியெடுக்கப்பட்ட பாரபாசாரஸ் டகோரையின் எலும்புக்கூடு, கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் புவியியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தாகூரின் நூற்றாண்டான 1961-ல் அகழ்வு நடந்ததால் அவர் பெயர் சூட்டப்பட்டது. குறைந்தது 6 விலங்குகளுக்குரிய சுமார் 300 எலும்புகளிலிருந்து பொருத்தி உருவாக்கப்பட்டது அது. அன்றைய ஆதிலாபாத் மாவட்டத்தின் யாமன்பள்ளியில் கிடைத்த கோட்டாசாரஸை, பிர்லா குடும்பத்தின் ஆதரவில் உருவான ஐதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் காணலாம். நடத்துவது அரசு அல்ல என்பதாலேயே ஓர் எலும்புக்கூடு மக்களிடமிருந்து மறைந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

மறுபுறம், மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் கிராமத்தினர் குலதெய்வமாக வழிபட்டு வந்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று 2023 டிசம்பரில் செய்திகள் வெளியாயின. அவை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு எளிதில் விடை சொல்ல இயலாது. புவிப் பாரம்பரியச் சின்னங்களைக் காப்பதற்கான வரைவு மசோதா ஒன்றை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் மக்கள் கருத்துக்காக வெளியிட்டது.

உடைமைத் தகராறைவிடப் பெரிய இழப்பு தமிழகத்தில் நேர்ந்தது. அரியலூர் பகுதியின் கல்லமேட்டில் இந்திய புவியியல் ஆய்வு மையத்தின் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் கண்டறிந்த பெரும் எலும்புகளுக்கு 1980-களின் இறுதியில் 'புருகத்காயோசாரஸ் மேட்லியி' என்று பெயரிடப்பட்டது. அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் எனப் பதிவாகியுள்ளது. உலகில் வாழ்ந்த மிகப் பெரிய நிலவிலங்குகளுள் இதுவும் ஒன்றாக இருக்கலாம் எனச் சிலர் மதிப்பிடுகின்றனர். அது வெறும் மரத்தண்டாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. தீர்த்துவைக்க எலும்பு இல்லை. பொடிந்துபோகும் தன்மை கொண்ட அந்தப் படிவங்கள், மழையில் சிதைந்து, ஆய்வகத்தை எட்டும் முன்பே அழிந்துவிட்டதாக 2017-ல் வெளியான கட்டுரை தெரிவித்தது. அய்யாசாமியும் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். இன்று மிஞ்சியிருப்பவை சில வரைபடங்களும், 2022-ல் வெளியிடப்பட்ட பழைய புகைப்படங்களுமே.