நசரத்பேட்டையிலிருந்து பனித்தடத்துக்கு

2022 பிப்ரவரி 4. பெய்ஜிங்கின் பறவைக்கூடு அரங்கில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. அணி அணியாக வீரர்கள் கையசைத்துக்கொண்டே வருகிறார்கள். இந்தியக் கொடியைப் பிடித்து வந்தவர் காஷ்மீரைச் சேர்ந்த ஆரிஃப் கான். குல்மார்க் சரிவுகளில் பனிச்சறுக்கு பழகியவர். அந்த அணியில் வேறு வீரர் கிடையாது. நூற்று நாற்பது கோடிப் பேருக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான். ஜயண்ட் ஸ்லாலமில் 45ஆவது இடம். ஸ்லாலமில் பந்தயத்தை முடிக்க முடியவில்லை. அதே ஒலிம்பிக்கில், சென்னை மாநகரத்தின் மக்கள்தொகையைக்கூட எட்டாத நார்வே 16 தங்கம் வென்றது.

பனி என்று வந்துவிட்டால் நாம் ஜமைக்கா, கென்யா, கிழக்குத் திமோர் வரிசையில் நிற்கும் சின்ன நாடு. 1964இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்டபோதும் நாம் அனுப்பியது ஒருவரைத்தான். போலந்து வம்சாவளியைச் சேர்ந்த ஜெரமி புஜகோவ்ஸ்கி. 1988இல் கனடாவின் கால்கரியில் இறங்கிய ஷைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் இந்தியப் பெண். இன்றுவரை பதக்கம் கிடைத்ததில்லை.

இமயத்தில் பிறந்தால்தான் இந்த அணியில் சேரலாம் என்று நாமாகவே முடிவு கட்டிவிட்டோம். பனி விழாத ஊரிலிருந்து பனிக்குப் போக இன்னொரு வழி உண்டு. அது சக்கரத்தின் வழி. பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டை மாதிரி ஊர்களில் அந்த வழியில் பிள்ளைகள் கால் வைத்து வெகுநாளாகிறது. நாம்தான் கவனிக்கவில்லை.

சக்கரத்திலிருந்து பனிக்குப் போன நம்மவர் சிவ கேசவன். அப்பாவுக்குத் தலச்சேரி, அம்மா இத்தாலிக்காரர். பிள்ளை வளர்ந்தது மணாலிக்குப் பக்கத்து வசிஷ்ட் கிராமத்தில். சனாவரில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, உலக லூஜ் கூட்டமைப்பின் சார்பில் ஆஸ்திரியாவின் குந்தர் லெம்மரர் நடத்திய முகாமில் அந்த விளையாட்டை முதன்முதலாகப் பார்த்தார். லூஜ் என்பது மல்லாக்கப் படுத்து, காலை முன்னே நீட்டி, பனிக் குழாய் போன்ற பாதையில் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சறுக்குவண்டிப் பந்தயம். பிரேக் கிடையாது. கெண்டைக்காலால் வண்டியின் வளைவை அழுத்தியும் தோளைச் சாய்த்தும்தான் திருப்ப வேண்டும். முகாமில் பனி இல்லை. சக்கரம் கட்டிய வண்டிகளைத் தார்ச்சாலையில் விட்டுத்தான் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். அதில் தேறிய சிவா, 1998இல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் இறங்கினார். வயது 16. ஒலிம்பிக் லூஜில் அதுவரை அவ்வளவு இளையவர் எவரும் இறங்கியதில்லை. இரவல் வண்டியில் போய் 28ஆவதாக வந்தார்.

அங்கிருந்து 2018 வரை ஆறு ஒலிம்பிக்குகள். இடையில் இந்தியாவில் லூஜ் தடம் என்று ஒன்று முளைக்கவே இல்லை. இமாசலத்து மலைச்சாலையில், லாரியும் ஆட்டு மந்தையும் எதிரே வர, சக்கர வண்டியில் படுத்தபடி பயிற்சி எடுத்தார். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு இன்றும் வயிறு கலங்கும். 2011இலும் 2012இலும் ஆசிய லூஜ் சாம்பியன்ஷிப் தங்கம் அவருக்குத்தான். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் அவருக்கு நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. இந்திய ஒலிம்பிக் சங்கம் தடையில் இருந்ததால், தேசியக் கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின் கீழ் போட்டியிட வேண்டியதாயிற்று. அவருடைய பந்தயம் முடிந்த இரண்டு நாளில் தடை நீங்கியது.

அதே நாகானோவில் கென்யாவின் பிலிப் போயிட்டும் இருந்தார். ஓட்டக்காரர், பனிச்சறுக்குக்கு மாறி இரண்டே ஆண்டு. 10 கிலோமீட்டர் பந்தயத்தில் கடைசியாக வந்தார். வென்ற நார்வேயின் பியோர்ன் டேலி எல்லைக்கோட்டில் காத்திருந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பதக்க விழாவே அதற்காகத் தள்ளிப்போனது. விளையாட்டு வரலாற்றின் அழகான நிமிடங்களில் அது ஒன்று என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் சின்ன நாட்டு அணி என்றால் கடைசியாக வந்து கைதட்டல் வாங்குவது மட்டும்தான் என்று நம் மனதில் பதிந்துவிட்டதே, அதை ஏற்க முடியவில்லை. ஜமைக்காவைப் பாருங்கள். தள்ளுவண்டிப் பந்தயம் பார்த்த யோசனையில் பிறந்த அவர்களுடைய பாப்ஸ்லெட் (பனிச் சறுக்குவண்டி) அணி 1988இல் கால்கரியில் கவிழ்ந்தது. ஆறே ஆண்டில், 1994 லில்லேஹாமரில் நால்வர் பிரிவில் 14ஆவது இடம். அமெரிக்கா அவர்களுக்குப் பின்னால்.

நசரத்பேட்டைக்கு வருவோம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் வெளிவட்டச் சாலை, இன்னொரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, நடுவில் மனை போட்டு வீடு ஏறாத லேஅவுட்டுகள். சித்திரை வெயிலில் தார் இளகும். இந்தப் பக்கத்துச் சாலைகளில் விடியற்காலையில் போனால் இன்லைன் ஸ்கேட் கட்டிய பிள்ளைகளைப் பார்க்கலாம். சிமென்ட் ரோடு கிடைத்த இடத்தில் நாலு பிளாஸ்டிக் கோன் வைத்து வளைவு குறித்திருப்பார்கள். மணல் படிந்த இடத்தை முதலில் யாராவது துடைப்பத்தால் கூட்டிவிட வேண்டும். ஒரு பொடிக்கல் சக்கரத்தில் மாட்டினால் போதும், முட்டி பெயர்ந்துவிடும். "குனிடா, இன்னும் குனி! முட்டிய மடக்கு!" என்று மாஸ்டர் கத்திக்கொண்டே கூட ஓடுவார். ஸ்கூட்டியில் சாய்ந்தபடி அம்மாக்கள் நிற்பார்கள், கையில் தண்ணீர் பாட்டிலும் பள்ளிச் சீருடைப் பையும். ஏழரைக்கு மேல் கன்டெய்னர் லாரி நடமாட்டம் கூடிவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

வளைவில் அந்தப் பிள்ளைகளின் காலைக் கவனியுங்கள். உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. வலக்கால் இடக்காலைத் தாண்டி முன்னே விழுகிறது. பின்னே போன இடக்கால் சாலையைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு மேலே வருகிறது. முதுகு தரைக்கு இணையாக, ஒரு கை இடுப்பின் பின்னால். பனியில் ஓடும் ஸ்பீடு ஸ்கேட்டரின் அசைவும் கிட்டத்தட்ட இதுவேதான். காலடியில்தான் மாற்றம்: 110 மில்லிமீட்டர் சக்கரங்கள் இருந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனில் நீண்ட எஃகுத் தகடு. சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும். தகட்டின் விளிம்பைச் சரியான சாய்வில் வைக்காவிட்டால் பனி வாரிவிடும். அதைக் கணுக்கால் கற்றுக்கொள்ளத்தான் காலம் பிடிக்கும். தொடை வலிமை, மூச்சு, குனிந்த நிலையில் வேகம் தாங்கும் பழக்கம் எல்லாம் சக்கரத்திலேயே வந்துவிடுகிறது.

இது வெறும் ஆசைப் பேச்சு என்று தோன்றினால் ஃபுளோரிடா மாநிலத்தின் ஒகாலாவைப் பார்க்கலாம். நம் ஊர் போலவே புழுங்கும் ஊர். அங்கே ரெனே ஹில்டிபிராண்ட் என்ற பயிற்சியாளரிடம் சக்கரக் காலணியில் பழகிய மூவர், எரின் ஜாக்சன், பிரிட்டனி போவ், ஜோயி மான்டியா, பிற்பாடு பனிக்கு மாறி ஒலிம்பிக்குக்குப் போனார்கள். எரின் பனியில் நாலே மாதம் பழகிவிட்டு 2018 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2022இல் அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் அவர் தடுமாறி இடத்தை இழக்க, போவ் தன் 500 மீட்டர் இடத்தை விட்டுக்கொடுத்தார். எரின் பெய்ஜிங் போய்த் தங்கம் வென்றார். குளிர்கால ஒலிம்பிக் தனிநபர் போட்டியில் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அதே பெய்ஜிங்கில், சக்கரத்தில் பல உலகப் பட்டங்கள் வென்ற பார்ட் ஸ்விங்ஸ், பெல்ஜியத்துக்கு 1948க்குப் பிறகு முதல் குளிர்காலத் தங்கத்தைக் கொண்டுவந்தார். நிலநடுக்கோட்டை ஒட்டிய கொலம்பியாவும் தன் சக்கர வீரர்களைப் பனிக்கு மாற்றி 2018 ஒலிம்பிக்குக்கு அனுப்பியிருக்கிறது.

சக்கரத்தில் நாம் எங்கே நிற்கிறோம்? உலக உச்சியில். சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டாய்ஹேயில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்து உலகச் சாம்பியன் ஆனார். இந்தியர் எவரும் அதற்கு முன் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. அதே போட்டியில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம், 500 மீட்டரில் வெண்கலம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வென்றன. ஆண்கள் அணியில் ஆனந்த்குமார், பெண்கள் அணியில் சென்னையின் ஆரத்தி கஸ்தூரி ராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன். கிரிக்கெட்டில் ஒரு சதம் அடித்தவருக்குக் கிடைக்கும் விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவர்களுக்குக் கிடைத்திருக்காது. தெருமுனை டீக்கடையில் இவர்கள் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

பனி பக்கம் வசதி குறைவுதான். குஜராத்தின் விஷ்வராஜ் ஜடேஜா சக்கரத்திலிருந்து பனிக்கு மாறியபோது நெதர்லாந்து போய்ப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. 400 மீட்டர் செயற்கைப் பனித்தடம் நம் நாட்டில் கிடையாது. ஆனால் ஷார்ட் டிராக் பந்தயத்துக்கு அவ்வளவு பெரிய தடம் வேண்டாம். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரிங்க் போதும்; அதற்குள் 111.12 மீட்டர் சுற்று வரைந்துகொள்ளலாம். டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டிய ரிங்க் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. அதைச் சீர் செய்து 2025 ஆகஸ்டில் ஆசிய ஓப்பன் ஷார்ட் டிராக் போட்டியையே நடத்திவிட்டார்கள்.

ரிங்க் போடுவதும் மந்திரவேலை இல்லை. கான்கிரீட் தளத்துக்குள் குழாய் ஓட்டி, உறையாத குளிர்திரவத்தை அதில் சுற்றவிட்டு, மேலே மெல்லிய அடுக்காகத் தண்ணீர் தெளித்துத் தெளித்து உறைய வைக்கிறார்கள். காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் பார் போடும் தொழிற்சாலையில் அமோனியா கம்ப்ரசர் ஓட்டுகிறவருக்கு இதன் அடிப்படை அத்துப்படி. மின்கட்டணம்தான் உண்மையான சிக்கல். நம் வெயிலில் கூரையும் சுவரும் வெப்பத்தைத் தடுக்கும்படி கட்டினால்தான் தாங்கும். அதனால் சென்னைக்கு உடனே பனி ரிங்க் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மேற்குப் புறநகருக்கு முதலில் வேண்டியது சாய்வு வளைவுள்ள 200 மீட்டர் சக்கரத் தடம் ஒன்று. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் திருமழிசையிலிருந்தும் பிள்ளைகள் லாரிக்குப் பயப்படாமல் வந்து போகும் இடமாக அது இருக்க வேண்டும். பிறகு, அங்கே தேறுகிற பதின்வயதுப் பிள்ளைகளை ஆண்டுக்குச் சில வாரம் டேராடூனுக்கு அனுப்பி, தகட்டில் நிற்கப் பழக்கினால் போதும். போக்குவரத்து, தங்குமிடம், ஒரு ஜோடி பனிக்காலணி, இவ்வளவுதான் செலவு. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மனம் வைத்தால் வரும் நிதியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.

2030இல் குளிர்கால ஒலிம்பிக் பிரான்சின் ஆல்ப்ஸில். 2034இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில். இன்று பத்து வயதில் சிமென்ட் ரோட்டில் வளைவு பழகும் பிள்ளை அப்போது பதினெட்டைத் தொட்டிருக்கும். நாகானோவில் சிவ கேசவனுக்கு அதைவிட வயது குறைவு. எரின் ஜாக்சனோ பனிக்கு மாறும்போதே இருபதுகளின் நடுவில் இருந்தார். ஆனந்த்குமார் உலகப் பட்டம் வென்றபோது அவருக்கு 22 வயது.