சந்தைக்குப் போகும் சீக்கு

முந்தின நாள் பொழுது சாயும்வரை குப்பையைக் கிளறி மேய்ந்த கோழி, காலையில் கூண்டைத் திறந்தால் வெளியே வருவதில்லை. இறக்கையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடித் தூங்குகிறது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராய்ப் போகிறது. சில கோழிகள் அலகைத் திறந்து மூச்சு வாங்கும். மறுநாள் அது செத்துக் கிடக்கும்போது இன்னும் மூன்று நான்கு அதே நிலையில் நிற்கும். சாகாமல் தப்பியவை கழுத்து முறுக்கிக்கொண்டு சுற்றும், காலை இழுக்கும். தடுப்பூசி போடாத கூட்டம் என்றால் ஒரு வாரத்தில் கூண்டே காலியாகிவிடலாம்.

இது வெள்ளைக்கழிச்சல். கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். 1926-ல் ஜாவாவிலும், அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட வைரஸ் நோய் இது. இந்தியாவில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் தெரியவந்ததால் இங்கே அந்த ஊரின் பெயர் நிலைத்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகின்றன. வந்த பிறகு இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. வராமல் தடுக்கும் மருந்து பல பத்தாண்டுகளாக இருக்கிறது.

சீக்கு தெரிந்த அந்தக் காலையில் வீட்டில் நடப்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது. முதலில் மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். அங்கே தரும் ஆன்டிபயாடிக் பொடி பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. கொடுக்கட்டும், ஆனால் அது தடுப்பூசிக்கு ஈடாகாது. இவை இரண்டாலும் பணமும் நேரமும்தான் போகும். மூன்றாவதாக நாம் செய்வது ஊரையே பாதிக்கிறது: மிச்சமிருக்கும் கோழிகளை அவசரமாக விற்றுவிடுகிறோம்.

ஏன் விற்கிறார்கள் என்பது புரியாததல்ல. ஒரு சிறுவிடைக் கோழி பல வீடுகளில் குழுக் கடனின் தவணை, பிள்ளையின் நோட்டுப் புத்தகம். கண்முன்னே சாகும் என்று தெரிந்தால் கிடைத்த விலைக்குக் கொடுக்கத்தான் மனம் போகும். ஆனால் வைரஸ் உடலுக்குள் போன பிறகு அறிகுறி தெரிய 2 முதல் 15 நாள் வரை ஆகும், பெரும்பாலும் ஐந்தாறு நாள். அறிகுறி வெளிப்படும் முன்பே எச்சத்திலும் சளியிலும் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். ஆகவே “இது நல்லாத்தானே இருக்கு” என்று பிடித்துக்கொடுக்கும் கோழியும் நோயைச் சுமந்துகொண்டுதான் போகிறது. சந்தையில் அதன் காலைக் கட்டி வேறு பத்து ஊர்க் கோழிகளோடு ஒரே கூடையில் போடுகிறார்கள். விலை படியாதவை மாலையில் தத்தம் ஊருக்குத் திரும்புகின்றன. வியாபாரியின் வண்டி, கூடை, செருப்பு எல்லாவற்றிலும் எச்சம் ஒட்டியிருக்கிறது. அடுத்த வாரம் இன்னொரு தெருவில் கோழி தூங்கத் தொடங்குகிறது. மாசி, பங்குனி, சித்திரையில் குலதெய்வக் கோயில் படையலுக்காகக் கோழிகள் ஊர்விட்டு ஊர் போகும். வெள்ளைக்கழிச்சல் அதிகம் பரவுவதும் இந்த மாதங்களை ஒட்டித்தான்.

விற்காதவர்கள் அறுத்துவிடுகிறார்கள். நன்றாக வேகவைத்தால் வைரஸ் அழிந்துவிடும், உண்மைதான். ஆனால் அறுத்த இடத்தில் சிந்தும் ரத்தம், குப்பைமேட்டில் கொட்டும் இறகு, குடல், கழுவிய தண்ணீர் இவற்றை யாரும் வேகவைப்பதில்லை. நாயும் காக்கையும் அவற்றைத் தெருவெங்கும் இழுத்துப்போடுகின்றன. ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும்.

அறுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. செத்தது வெள்ளைக்கழிச்சலால்தான் என்று வீட்டில் நின்றுகொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பறவைக்காய்ச்சலும் தொடக்கத்தில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, முகம் வீங்குவது, கால் தோலில் ரத்தம் கட்டுவது, எந்த அறிகுறியும் இல்லாமல் விழுந்து சாவது ஆகியவை அதன்மேல் சந்தேகம் கொள்ள வைக்கும். 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவுக்குள் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நோய் அது. 2021-ல் டெல்லியில் ஒரு சிறுவன் எச்5என்1 வகைப் பறவைக்காய்ச்சலால் இறந்தான். நோயுற்ற கோழியை வெறுங்கையால் அறுப்பதும் இறகு பிடுங்குவதும் வைரஸ் மனிதருக்குத் தொற்றும் முக்கியமான வழிகள். பறவைக்காய்ச்சலை உறுதிசெய்வது போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகம். முடிவு தெரியும்வரை பிள்ளைகளைக் கூண்டுப் பக்கம் விடாதீர்கள்.

எல்லாத் திடீர்ச் சாவும் வைரஸால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் பெரும்பாலும் அது ரத்தக்கழிச்சல், குடிநீரில் கலக்கும் மருந்துக்குக் கட்டுப்படும். கோழிக்காலராவுக்கும், சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து உண்டு. இரைப்பை நிறையத் தீனியோடு சில மணி நேரத்துக்குள் பல கோழிகள் செத்தால் பூச்சிமருந்து தெளித்த வயலையும் மருந்து கலந்த விதையையும் சந்தேகிக்க வேண்டும். இவற்றைப் பிரித்தறிய நம்பகமான வழி, செத்த கோழியைக் கால்நடை மருத்துவர் திறந்து பார்ப்பது. வெள்ளைக்கழிச்சலில் சுரப்பி இரைப்பையின் உட்சுவரில் புள்ளிப் புள்ளியாக ரத்தக்கசிவு தெரியும். கையில் உறை மாட்டி, செத்துச் சில மணி நேரமே ஆன கோழியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, பனிக்கட்டி வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். உறைபெட்டியில் வைத்துக் கல்லாக்கிவிட்டால் திசுக்களைப் பார்க்க முடியாது. கூட்டமாகச் செத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ எடுத்துப் போகாமல் கால்நடை உதவி எண் 1962-க்கு அழையுங்கள். இது வெறும் நல்லெண்ணச் செயலன்று. 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் வெள்ளைக்கழிச்சலும் பறவைக்காய்ச்சலும் இருக்கின்றன. சந்தேகம் வந்தாலே தெரிவிப்பதும் நோயுற்றதைப் பிரித்துவைப்பதும் வளர்ப்பவரின் கடமை.

முடிவு தெரியும்வரை மிச்சக் கோழிகளை மேயவிடாமல் அடைத்து வையுங்கள். நல்லவற்றுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, நோயுற்றவற்றிடம் கடைசியாகப் போங்கள். செத்தவற்றை ஏரியிலோ ஓடையிலோ வீசாமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கூண்டு காலியானால் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயவிட்டு, குறைந்தது ஒரு மாதம் கழித்தே புதுக் கோழி வாங்குங்கள். வாங்கியதையும் மூன்று வாரம் தனியே வையுங்கள்.

தடுப்பூசிக்கு வருகிறேன். ஏழாம் நாளில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் அரை மில்லி ஊசி. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் அரசு நிறுவனம் கால்நடைத் தடுப்பு மருந்துகளைத் தயாரித்துவருகிறது. ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டிக் கால்நடைத் துறை இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. “ஊசி போட்ட பிறகும் செத்தது” என்பவர்கள் உண்டு. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. உள்ளே நோய் புகுந்துவிட்ட கோழிக்கு ஊசி பயன்படாது; நோயுள்ள கூட்டத்தில் ஒரே ஊசியைக் குத்திக்கொண்டே போனால் அதுவே நோயைக் கடத்தும். வயிற்றில் புழு மண்டிய கோழிக்கு எதிர்ப்புச் சக்தி சரியாக வராது, பத்து நாள் முன்பே குடற்புழு நீக்க வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும், கரைத்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும்.

முகாம் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. கோழி ஆண்டு முழுதும் அடைகாக்கிறது. சித்திரையில் பொரித்த குஞ்சு அடுத்த முகாம்வரை பாதுகாப்பின்றி நிற்கிறது. மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்குக் குறையாத அளவில்தான் வருகிறது. எட்டுக் கோழி வைத்திருப்பவருக்காக அதைத் திறந்து மிச்சத்தைக் கொட்ட யாரும் முன்வருவதில்லை. தனியாகப் போகாதீர்கள். தெருவில் கோழி வளர்க்கும் வீடுகளைக் கணக்கெடுத்து, குழுவில் பேசி ஒரு நாளை முடிவு செய்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கோழிகள் எல்லாம் நன்றாக இருக்கும் இந்த வாரத்திலேயே அதைச் செய்யுங்கள்.