காலோடு தளரும் சிறுநீர்ப்பை

நல்லூரில் என் நடையைப் பார்ப்பவர்கள், “செல் பட்டதோ?” என்று கேட்பார்கள். இல்லை, அப்பாவிடமிருந்து வந்த, கால்களை இறுக்கும் பரம்பரை நரம்பு நோய். முள்ளந்தண்டு வழியே கால்களை இயக்கும் நரம்பிழைகள் இதில் மெல்லச் சிதைகின்றன. சிறுநீர்ப்பைக்கான கட்டளைகளும் அதே வழியால்தான் போகின்றன. அதனால் போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களைப்போல எங்களுக்கும் சலம் திடீரென முட்டும். சிலருக்கு முழுதாகப் போகாமல் தேங்கும்.

வெட்கத்தில் பலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். 25 நாள் கந்தசுவாமி கோவில் திருவிழாவுக்கும் போவதில்லை. தண்ணீர் குறைந்தால் சலம் செறிந்து பையை இன்னும் உறுத்தும். தேங்கினால் கிருமி பெருகும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

சலம் கழித்தவுடன் ஸ்கான் செய்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். முட்டலைக் குறைக்கும் மாத்திரை, தேங்குபவருக்குத் தேக்கத்தைக் கூட்டக்கூடும். அவருக்குக் குழாய் வைத்துத் தானே வெளியேற்றப் பழக்குவார்கள். ஆகவே கிளினிக்கில் காலைப் பற்றி மட்டுமல்ல, இதையும் சொல்லுங்கள்.