முற்பணம் கொடுக்கும் முன் அயலிலுள்ள சாப்பாட்டுக்கடைகளைப் பாருங்கள்

ஊர் திரும்பும் எல்லாக் குடும்பங்களும் உடனே சொந்தக் காணியில் குடியேற முடிவதில்லை. சிலரின் காணி இன்னும் விடுவிக்கப்படவில்லை. சிலரின் வீடு கட்டி முடியவில்லை. இந்தியாவிலிருந்து திரும்பியவர்களில் சிலருக்குச் சொந்தக் காணியே இல்லை. இப்படியானவர்கள் திருகோணமலை நகரத்திலும் துறைமுகத்தைச் சூழவுள்ள ஊர்களிலும் வாடகை வீடு தேடுகிறார்கள். வீட்டுக்காரர்கள் பலர் சில மாத வாடகையை முற்பணமாகக் கேட்பார்கள். இடம் ஒத்துவராவிட்டால் அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். ஏற்கெனவே பல இடம் மாறிய பிள்ளைகள் இன்னொரு பள்ளிக்கூடமும் மாற வேண்டி வரும்.

வீட்டைப் பற்றி வீட்டுக்காரரும் தரகரும் சொல்வார்கள். அயலைப் பற்றி அறிய அங்குள்ள தேநீர்க்கடை, சாப்பாட்டுக்கடை, பேக்கரி ஆகியவை உதவும். கடை நடத்துபவர் அந்த இடத்து மக்களின் வேலை நேரத்துக்கும் வருமானத்துக்கும் ஏற்றபடியே கடை திறப்பார், விலை வைப்பார். ஆகவே கடையைக் கவனித்தால் அயலின் அன்றாட வாழ்க்கை ஓரளவு தெரிந்துவிடும்.

பழைய நினைவை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். 2006 இல் இடம்பெயர்ந்தவர்கள் கிண்ணியாவுக்குப் படகுப்பாதையில் கடந்து சென்றதை அறிவார்கள். 2009 ஒக்டோபரில் அங்கே பாலம் திறக்கப்பட்டது. பின்னர் மூதூர் வரையான வழியிலும் பாலங்கள் அமைந்தன. அன்று தூரமாக இருந்த ஊரில் தங்கி இன்று நகரத்துக்கு வேலைக்கு வந்துபோகலாம். நீங்கள் அறிந்த கடைத்தெருவும் மாறியிருக்கலாம்.

காலையில்: யாருக்கு என்ன வேலை?

விடியற்காலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கொட்பே மீன்பிடித் துறைமுகம் போன்ற இடங்களை அண்டிய கடைகள் கடற்றொழிலாளரின் நேரத்துக்கு இயங்கும். சீனக்குடாப் பக்கம் பிரிமா மாவு ஆலை, எண்ணெய்க் குதங்கள், டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை ஆகியவை உள்ளன. அங்கே வேலை மாறும் நேரத்தில் கடைக்கு ஆட்கள் வருவார்கள். நகரத்தின் நடுப்பகுதியில் அலுவலகம் போவோரும் பஸ்ஸுக்கு நிற்போரும் அதிகம்.

ஒரு தேநீர் வாங்கி, “இந்தப் பக்கம் மேசன் வேலைக்கு, கூலி வேலைக்கு ஆட்களை எங்கே கூப்பிடுகிறார்கள்?” என்று கேளுங்கள். வேலைக்கு ஆள் தேடுபவர்கள் தேநீர்க்கடையில் விசாரிப்பது வழக்கம். காலையில் கடை வெறுமையாக இருந்தால், அங்குள்ளவர்கள் வேலைக்கு வேறிடம் போகிறார்கள் என்று கொள்ளலாம். அப்படியானால் பஸ் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நண்பகலில்: செலவு எவ்வளவு?

சோற்றுப் பார்சலின் விலையைக் கேளுங்கள். நீங்கள் பார்க்கும் இரண்டு மூன்று இடங்களின் விலைகளை ஒப்பிடுங்கள். மரக்கறிப் பார்சலுக்கும் மீன் பார்சலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். மீன் இறங்கும் இடத்துக்கு அருகில் அந்த வித்தியாசம் குறைவாக இருக்கலாம். வீட்டில் சமைக்கும் குடும்பத்துக்கும் இந்த விலைகள் பயன்படும். அரிசி, தேங்காய், மீன் ஆகியவை அவ்விடத்தில் மலிவா என்பதை அவை காட்டும்.

கடையின் பின்பக்கத்தையும் பாருங்கள். தேங்காய்ச் சிரட்டையும் வெறும் பேணிகளும் மழைநீரோடு கிடக்கின்றனவா? வடிகான் அடைத்துக் கிடக்கிறதா? 2017 இல் கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவி உயிரிழப்புகள் ஏற்பட்டன. குப்பை ஒழுங்காக அகற்றப்படாத அயலில் சிறுபிள்ளைகளோடு குடியேறுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். கடைக்குத் தண்ணீர் குழாயில் வருகிறதா, பவுசரில் வருகிறதா என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கும் பெரும்பாலும் அதே நிலைதான்.

மாலையில்: பெண்களும் பிள்ளைகளும் நடமாடுகிறார்களா?

தேநீர்க்கடையில் பெண்கள் உட்கார்ந்து பேசுவது எங்கள் ஊர்களில் குறைவு. ஆகவே பெண்கள் மாலை 6 மணிக்குப் பின் போய், இடியப்பம், அப்பம், வடை விற்கும் வீடுகளைப் பாருங்கள். வாங்க வருபவர்கள் யார்? பெண்களும் பிள்ளைகளும் தனியே வந்து வாங்கிப் போகிறார்களா? வீதி விளக்கு எரிகிறதா? எத்தனை மணிக்குக் கடை பூட்டுகிறார்கள்? பெண் தலைமை தாங்கும் குடும்பங்களும் வயதுவந்த பெண்பிள்ளைகள் உள்ள குடும்பங்களும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இருட்டியபின் கடையைச் சுற்றிக் குடிப்பவர்கள் மட்டும் நிற்கும் இடமானால், அருகிலுள்ள வீடுகளில் விசாரிக்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரின் சாப்பாட்டுக்கடைகளும் உண்டு. ஒரு சமூகத்தவரின் கடையில் மற்றவர்களும் தயக்கமின்றிச் சாப்பிடுகிறார்கள் என்றால் அது நல்ல அறிகுறி. அதற்காக ஒரே சமூகத்தவர் வாழும் இடம் பாதுகாப்பற்றது என்று கொள்ள வேண்டாம்.

பருவத்தை மறக்க வேண்டாம்

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் மே முதல் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகள் அதிகம். சாப்பாட்டுக்கடைகள் நிறைந்து வழியும், வேலையும் கிடைக்கும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும், பயணிகளும் குறைவார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் நாடு முழுவதும் பயணிகள் வருகை வீழ்ந்தது. இத்தொழிலை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் சிரமப்பட்டன. எனவே “மழைக்காலத்தில் இந்தக் கடை திறந்திருக்குமா?” என்று கேளுங்கள். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் கடைகள் உள்ள அயலில் ஆண்டு முழுவதும் ஏதோவொரு வருமானம் ஓடுகிறது.

மீள்குடியேறிய கிராமங்களில்

சம்பூரில் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்டன. இப்படிப் பல ஆண்டுகளுக்குப் பின் மக்கள் திரும்பும் கிராமத்தில் தொடக்கத்தில் கடைகளை எதிர்பார்க்க முடியாது. அங்கே கடை இல்லை என்பதற்காகச் சொந்தக் காணியைக் கைவிட வேண்டாம். சிறிய அறிகுறிகளைப் பாருங்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஆட்டோ வருகிறதா? வருகிறது என்றால் பாதை ஓடக்கூடியதாக இருக்கிறது, வாங்குவதற்குப் போதிய குடும்பங்களும் இருக்கின்றன. முதல் தேநீர்க்கடை திறந்துவிட்டால், தனியாகத் திரும்ப அஞ்சும் முதியவர்களுக்கும் அது துணை.

சமையல் தொழில் செய்ய விரும்பினால்

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தபோது டிபன் கடைகளில் வேலை பழகியவர்கள் இங்கே இட்லி, தோசை செய்து விற்கலாம். வடக்கில் மாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கிய ‘அம்மாச்சி’ உணவகங்களில் பெண்கள் உள்ளூர் உணவுகளைச் சமைத்து விற்று வருமானம் பெறுகிறார்கள். நீங்கள் பார்க்கும் அயலில் காலைச் சாப்பாடு விற்பவர்கள் எத்தனை பேர், எது கிடைப்பதில்லை என்று எண்ணிப் பாருங்கள். தொடங்குவதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் உள்ளூராட்சி சபையையும் சந்தித்து, தேவையான அனுமதிகளைக் கேட்டறியுங்கள்.

கடையில் அறிய முடியாதவை

வீடு யாருடைய பெயரில் உள்ளது, மழைக்கு வெள்ளம் நிற்குமா, பள்ளிக்கூடத்தில் இடம் உண்டா என்பவற்றுக்குக் கடைக்காரரின் பேச்சு போதாது. கிராம உத்தியோகத்தரையும் பள்ளிக்கூட அதிபரையும் நேரில் கேளுங்கள். குடியேறியதும் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்யுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

ஒரு இடத்தை முடிவுசெய்ய மூன்று தடவை போங்கள்: ஒரு காலை, ஒரு நண்பகல், ஒரு மாலை. கணவனும் மனைவியும் சேர்ந்து போவது நல்லது. முடிந்தால் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். மூன்று தேநீருக்கும் ஒரு பார்சலுக்கும் ஆகும் செலவு முற்பணத்தோடு பார்த்தால் மிகச் சிறிது.